மக்காச்சோளத்தில் ஒரு இசட்

வாளையார் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
படிவம் அடித்துக் கொடுக்கும் கடையில்
மதியம் இரண்டிலிருந்து ராத்திரி பத்து வரை நான்.
லாரி நிற்கும். சில நாள் வரிசை
எட்டிமடையைத் தாண்டும்.
உள்ளே போன காகிதம் திரும்பும்வரை
அவர்களுக்கும் வேலையில்லை, எனக்கும்.

கம்ப்யூட்டரில் அந்தப் பந்து விளையாட்டு இருந்தது.
வாங்கும்போதே இருந்தது,
பழைய வீட்டில் எலி இருப்பதுபோல.

ஸ்பேஸ் பாரை அமுக்கிப் பிடித்தால்
ஸ்பிரிங் பின்வாங்கும்.
விட்டால்
வெள்ளிக் குண்டு விறுவிறுவென ஏறி வளைந்து
மூன்று காளான்களுக்கு நடுவே சிக்கி
டங் டங் டங்.
ஒரு டங்குக்கு ஐந்நூறு. விளக்கெரிந்தால் ஐயாயிரம்.
என் சம்பளம் அப்போது இரண்டாயிரத்து எண்ணூறு.

இடக்கைக்கு இசட். வலக்கைக்குச் சாய்கோடு.
இரண்டு மட்டையும் எம்பினாலும் எட்டாமல்
நடுவில் ஒரு விரற்கடை.
இங்கே மலையும் அப்படித்தான்,
வடக்கே ஒரு கை, தெற்கே ஒரு கை,
ஆடிக் காற்றும் ரயிலும் முட்டை லாரியும்
நடுவில் நுழைந்து போய்விடும்.
பந்தும் போகும்.
நான் பிசகியிருந்தால் ஆறியிருப்பேன்.
ஒரு பிசகும் இல்லாமல், நட்டநடுவே,
என்னைப் பார்த்துக்கொண்டே போகும்.

மேசையை உலுக்கவும் ஒரு விசை உண்டு.
லேசாகத்தான்.
கொஞ்சம் கூடினால் 'டில்ட்',
மட்டைகள் செத்துவிடும்,
பந்து சாவகாசமாக இறங்குவதை
கைகட்டிப் பார்க்க வேண்டும்.
கவுண்டரில் சத்தம் போட்ட டிரைவரின் காகிதம்
கட்டின் அடிக்குப் போவது மாதிரி.

"ஏம்மா சாந்தாமணி,
எல்லா எழுத்தும் இருக்கு,
இசட் மட்டும் எங்கே போச்சு?"
முதலாளி கேட்டார்.
"மக்காச்சோளம் நிறையப் போகுதுங்க" என்றேன்.
இங்கிலீஷில் அதற்கு ஒரு இசட் உண்டு.
உதடசைத்து எழுத்துக் கூட்டிப் பார்த்தார்.
அடுத்த வாரம் புதுக் கீபோர்டு வந்தது.

ஒரு மழை நாள்.
ஒற்றப்பாலத்துக்காரர், முட்டை லாரி.
"சேச்சி, ஞான் ஒந்நு நோக்கட்டே?"
பக்கத்து ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.
மூன்று பந்து, முக்கால் மணி நேரம்.
விழும் பந்தை அடிக்க அவசரப்படவில்லை.
மட்டையைத் தூக்கிப் பிடித்து
மடியில் வாங்குவதுபோல் வாங்கி
நிற்கவிட்டுப் பிறகு அனுப்பினார்.
ஒருமுறைகூட உலுக்கவில்லை.
டீ ஆடை கட்டிவிட்டது.
நாற்பத்தொரு லட்சத்துச் சொச்சம்.
என் உச்சம் பதினெட்டு.

பெயர் கேட்டுப் பெட்டி வந்தது.
யோசிக்காமல் லாரி நம்பரை அடித்தார்.
இந்த வாசலில் அதைத் தவிர
அவரிடம் யார் என்ன கேட்டிருக்கிறார்கள்.

அதன்பிறகு இரண்டு வருஷம்
அந்த நம்பருக்குக் கீழேயே கிடந்தேன்.
மடியில் வாங்கப் பழகினேன்.
முப்பத்தாறு லட்சத்தில் ஒருமுறை கரண்ட் போனது.
இருட்டில் விரல் மட்டும்
இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.

புரட்டாசியில் ஒரு நாள்
கண்ணாடிக்கு வெளியே அதே நம்பர்.
ஓடினேன். மீசை அரும்பாத பையன் இறங்கினான்.
"பழைய டிரைவர் எங்கே?"
"எந்தப் பழைய டிரைவர்? நான் ஆறாவது ஆள்.
பேரென்ன சொல்லுங்க, கேட்டுப் பார்க்கிறேன்."
நம்பரைச் சொன்னேன்.
"அக்கா, அது லாரி" என்றான்.

அவன் படிவத்தை அடித்தேன்.
சரக்கு: முட்டை. இசட் கிடையாது.
கொடுத்தனுப்பிவிட்டு உட்கார்ந்தேன்.
பத்தாகிவிட்டது,
வெளியே தம்பி மொபெட்டில் ஹாரன் அடித்தான்.
"கடைசிப் பந்துடா" என்று கத்தினேன்.
முதல் பந்து
அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது.