நூற்று எண்பத்தேழு

விடிகாலை ஐந்தே முக்கால்.
சிப்காட் பக்கமிருந்து காற்று.
கெடிலம் பாலத்துக்கு இந்தப் பக்கம்
நகராட்சிப் பூங்காவின் கேட்டை
ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்கே
திறந்து வைக்கிறார் வாட்ச்மேன் தேசிங்கு.
அகலத் திறந்தால் ஆடு வந்துவிடுமாம்.

தணிக்கைக்கு முன் அளந்து வரச் சொன்னார்கள்.
என்னிடம் முப்பது மீட்டர் டேப்,
அளவுப் புத்தகம்,
மை ஒழுகுகிற பேனா.

ஊஞ்சல் இரண்டு என்கிறது பதிவேடு.
இருப்பவை இரண்டு இரும்புச் சட்டங்கள்.
ஒன்றில் யாரோ சைக்கிள் ட்யூபைக் கட்டியிருக்கிறார்கள்.
பள்ளி விடுமுறை,
அதற்கும் வரிசை நிற்கிறது.
தானே புயலில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரம்
பதிவேட்டில் இன்னும் நிற்கிறது,
நல்ல நிலையில்.

டேப்பின் மறுமுனைக்கு ஆளில்லை.
வரிசையில் கடைசியாக நின்ற நஸ்ரினைக் கூப்பிட்டேன்.
“இந்தப் பூஜ்ஜியத்தைப் பிடிச்சுக்க,
நான் சொல்றவரைக்கும் விடாதே.”
“பூஜ்ஜியத்தை எப்படிக்கா பிடிக்கிறது?”
பிடித்தாள்,
இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி.

நடைபாதையை
வளைவு வளைவாக அளந்துகொண்டு போனோம்.
ஷட்டில் கோர்ட்டில்
பேங்க் ரிட்டயர்டுகள் இருவர்
விழுந்தது கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று
பேசாமலாகிவிட்டிருந்தார்கள்.
நைட்டிக்கு மேல் துண்டு போட்ட பெண்கள்
டேப்பைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள்.
“பாத்ரூம் எப்பம்மா கட்டுவீங்க?”
அதற்கு இந்தப் புத்தகத்தில் கட்டமில்லை.

எல்லோரையும் முந்தி ஓடினான்
அருள்தாஸ், வெறுங்காலோடு.
அடுத்த மாதம் காவலர் தேர்வு.
ஆயிரத்து ஐந்நூறு மீட்டர், ஏழு நிமிடம்.
சுற்றுக்கு இருநூறு என்று போர்டில் இருக்கிறது,
திறந்து வைத்தவர் பெயருக்குக் கீழே.
ஆகவே ஏழரைச் சுற்று.
தேசிங்குதான் செல்போனில் நேரம் பார்க்கிறார்.
“ஆறு அம்பது!
பத்து செகண்ட் மிச்சம் புடிச்சிருக்கான் மேடம்,”
சீட்டுப் பணம் சேர்த்தவர் மாதிரிச் சொன்னார்.

முதல்முறை நூற்று எண்பத்தேழு.
இரண்டாம் முறை நூற்று எண்பத்தேழு.
நஸ்ரின் டேப்பை இழுக்க
நான் பூஜ்ஜியத்தைப் பிடித்தேன்.
அப்போதும் அதே.

பதின்மூன்று மீட்டர்
யார் வீட்டு வாசலில்
இதே செங்காவி பேவர் பிளாக்காகக் கிடக்கிறது என்று
ஆபீசில் எல்லோருக்கும் தெரியும்.
“இருநூறுன்னே போட்டுடுங்க மேடம்,
போர்டே சொல்லுதே.”
தேசிங்குக்குக் குரல் இறங்கியிருந்தது.
அவருக்கு ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது.

பின்னட்டையில் பெருக்கிப் பார்த்தேன்.
ஆயிரத்து நானூற்று இரண்டரை.
தொண்ணூற்றேழரை மீட்டரை
அந்தப் பையன் ஒருநாளும் ஓடியதில்லை.

முழங்காலில் கை ஊன்றி
மூச்சு வாங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான்.
சொன்னேன்.

சிரிப்பு போக நேரமானது.
போர்டைப் பார்த்தான்.
டேப்பைப் பார்த்தான்.
தன் காலைப் பார்த்தான்,
பொய் சொன்னது அதுதான் என்பதுபோல.

“அப்ப நாங்க நடந்ததெல்லாம்?”
நைட்டிக்காரப் பெண்கள் நின்றுவிட்டார்கள்.
“எனக்கு சுகர் ஏன் எறங்கலன்னு
இப்பத்தான்டி தெரியுது,” என்றாள் ஒருத்தி.
அவளைத் தவிர யாரும் சிரிக்கவில்லை.

எட்டுச் சுற்று, மேலே நான்கு மீட்டர்.
அந்த நான்கை
கேட்டுத் தூணிலிருந்து அளந்தேன்.
குழாயடிக்குக் கொஞ்சம் முன்னால் முடிந்தது.
செங்கல் துண்டால் கோடு கிழித்தேன்.
தேசிங்கு ஒன்றும் பேசாமல்
போனில் நேரத்தை அழித்தார்.
அருள்தாஸ் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அவன் மூன்றாவது வளைவில் இருந்தபோது
புத்தகத்தைத் திறந்து எழுதினேன்.
ஏழின் காலில் மை வழிந்து
அடுத்த கட்டத்துக்குள் இறங்கியது.
ஒற்றி எடுக்கத் தாளில்லை.
சேலை முனையால் துடைத்தேன், இன்னும் பரவியது.

கேட்டுத் தூணிலிருந்து
நஸ்ரின் கத்தினாள்:
“அக்கா,
விடட்டுமா?”