சற்று இடப்பக்கம்

எழுபத்தொரு வயது மொனிக்குக்கு
வலது முழங்கால் உலோகம்.
எனக்கு இரண்டும் சொந்தம், ஆனால்
இரண்டும் சொல்வழி கேளாதவை.
கல்லடிப் பழைய பாலத்தின் நடுவில்
வாவி பார்க்கிறோம் என்று பேர் பண்ணி
மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறோம்.

போன வைகாசியில்
அவளுடைய கடலோரத்தில் நானும் இப்படித்தான் நின்றேன்.
மகன் காசு கட்டிய முதியோர் பஸ்.
நீஸ், மொனாக்கோ, ஜெனோவா.
ஒன்பது நாளில் பதினேழு கழிப்பறை;
ஒவ்வொன்றுக்கும் ஒரு யூரோ, எண்ணியிருக்கிறேன்.
வழிகாட்டிப் பெண் மஞ்சள் குடையை உயர்த்தினால்
நாற்பது ஊன்றுகோல்கள் ஒன்றாய் எழும்பும்.
துறைமுகத்துத் தேநீர்க்கடையில்
நாலாவது சீனிக் கட்டியை நான் தேட
தன்னுடையதைத் தள்ளிவிட்டவள் மொனிக்.
அப்படித்தான் பழக்கம்.
பாஷை, ஆளுக்குப் பாதி இங்கிலீஷ்.
மீதி, முழங்காலைத் தொட்டுக் காட்டல்.

பீசாவில் எல்லாரையும் போல
வெயிலில் முறைக்குக் காத்து நின்று
காற்றை இரண்டு கையாலும் தள்ளினேன்.
"கொஞ்சம் இடது, இன்னும் இடது" என்று
அவள்தான் படம் எடுத்தாள்.
ஒரு கோபுரத்தைத் தாங்குகிறேன் அதில்,
சேலைத் தலைப்பு பறக்க, வாயெல்லாம் பல்.
அது ஏன் சாய்ந்தது என்று நான் கேட்கவில்லை.
மூன்று மணிக்கு பஸ்.

இப்போது அவள் விருந்தாளி, நான் மஞ்சள் குடை.
மீன் பாடுமாமே, என்று கேட்கிறாள்.
பூரணைக்குப் பாடும் என்கிறார்கள்,
எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை என்றேன்.
காதுக்கருவியைக் கழற்றிக் காட்டிச் சிரித்தாள்.
இரண்டு பேருமாக ஒரு நிமிடம்
கேளாமல் நின்றோம்.

ஓட்டோக்கார றுஸ்தி அவசரப்படுத்துகிறான்.
"கோயிலைப் பார்த்திட்டு மறுகா கோட்டை, அன்ரி,
பகல் சாப்பாடு காத்தான்குடியில."
கடற்கரைப் பக்கம் கிறுகியதும்
மொனிக் கத்தினாள்: "பீசா!"

திருச்செந்தூர் முருகனின் கோபுரம்
சரிந்தது சரிந்தபடி நிற்கிறது.
தொப்பியை என்னிடம் தந்தாள், போனைத் தந்தாள்.
மணலில் கால் புதைய, தூரம் அளந்து,
கை இரண்டையும் நீட்டினாள்.

றுஸ்தி என்னைப் பார்த்தான்.
அந்த வருஷம் அவன் உம்மாவின் வயிற்றில்.

ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் காலை டியூட்டி.
பத்து மணிக்கெல்லாம் வார்டில் கட்டில் போதவில்லை,
கதவுகளைக் கழற்றிக் கிடத்தினோம்.
மறுகா கதவும் போதவில்லை.
இதை எந்தப் பாதி இங்கிலீஷில் தொடங்குவது,
ஒரு மனிசி உலோகக் காலோடு
கை இரண்டும் அந்தரத்தில் நிற்கும்போது?

"கொஞ்சம் இடது" என்றேன்.
"இன்னும் இடது."
அவளுடைய உள்ளங்கை
கோபுரத்தின் தோளில் போய்ப் பொருந்தியது.
ஒன்றுக்கு மூன்றாய் எடுத்தேன்.

படத்தை விரித்து விரித்துப் பார்த்தவள் கேட்டாள்,
ஏன் சாய்ந்தது?
தண்ணீர், என்றேன்.
நிலத்துக்குக் கீழேயா?
இல்லை என்று
கையை என் தலைக்கு மேலே தூக்கினேன்.
கை எட்டவில்லை. குதிகாலையும் தூக்கினேன்.

வெகுநேரம் ஒன்றும் பேசாமல்
சப்பாத்திலிருந்த மணலைத் தட்டினாள்.
போதாமல் மற்றதையும் கழற்றித் தட்டினாள்.
பிறகு, கழிப்பறை எங்கே, என்றாள்.

பக்கத்து வீட்டில் கேட்டோம்.
புதுச் சவர்க்காரம் உடைத்துத் தந்த மனிசி
காசைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தா.
இது பதினெட்டாவது.
மொனிக் உள்ளே போனதும்
கிணற்றடியில் என்னிடம் கேட்டா,
"படம் நல்லா விழுந்திச்சா?"

எனக்கு வார்த்தை வரவில்லை.

"வாறவங்க எல்லாரும்
முட்டுக் குடுத்திட்டுத்தான் போறாங்க.
குடுக்கட்டுமே. விழல்லதானே" என்றா,
துவாயை உதறிக் கொடியில் போட்டபடி.