பாதிப் பேருந்து

யீஷூன் மருத்துவமனையின் நான்காம் மாடியில்
ஒரு பேருந்து நிற்கிறது.
பாதிப் பேருந்துதான்.
முன்கதவு, நடுக்கதவு, ஆறு இருக்கை, ஓட்டுநர் இடம்,
அதற்குப் பின்னால் சுவர்.
இன்ஜின் கிடையாது.
அட்டையைத் தட்டினால் பீப் என்னும்,
காசு பிடிக்காது.
ஏறவும் இறங்கவும் மறந்த கால்களுக்கு
இங்கேதான் பாடம்.

சவரிமுத்துவின் கோப்பில் என் கையெழுத்து:
வலது கணுக்கால், பூஜ்யம்.
பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை.
ஒன்று என்றால் தோலுக்கடியில் ஒரு துடிப்பு,
மூட்டு நகராது, விரல் வைத்தால்தான் தெரியும்.
மூன்று வாங்க, பூமியை எதிர்த்துத் தூக்க வேண்டும்.
ஐந்து உங்களுக்கும் எனக்கும்.
நாம் அதை எண்ணிப் பார்ப்பதே இல்லை.

மூன்று வாரமாகப் பூஜ்யம்.
கையில் மஞ்சள் பட்டை: விழக்கூடியவர்.
மெத்தைக்குள் ஒரு மணி ஒளிந்திருக்கிறது,
எழ நினைத்தாலே அலறும்.
இரவுத் தாதி மரிவிக் ஓடி வந்து
"அங்கிள், நோ மூவ்" என்பாள்.
காலையில் நான் போய்
"அசைங்க ஐயா, கொஞ்சம் அசைங்க" என்பேன்.
"மொதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி
ஒரு முடிவுக்கு வாங்க" என்றார் ஒருநாள்,
வாயின் ஒரு பக்கத்தால் மட்டும்.

முப்பத்தொரு வருடம் ஊரையே நகர்த்தியவர்.
தான் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை அவரைப் பேருந்துக்குக் கொண்டுபோனேன்.
பயணி இருக்கையைக் காட்டினேன்.
அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.
இரண்டு பேர் தாங்கி
ஓட்டுநர் இடத்தில் உட்காரவைத்தோம்.
இடது கையால் பெல்ட்டை இழுத்தார்.
கண்ணாடியைத் திருப்பினார்,
யாரோ வைத்துவிட்டுப் போன கோணம்
பிடிக்கவில்லை போலும்.

"மிதிங்க" என்றேன். இல்லை.
"கட்டைவிரலை நெனச்சுக்குங்க." இல்லை.
பாதம் கிடந்தது,
பள்ளிவாசல் படியில் யாரோ மறந்த செருப்புப்போல.

அப்போதுதான் மிஸ்டர் கோ,
சக்கர நாற்காலி ஓட்டப் புதிதாய்ப் பழகியவர்,
கைப்பிடியில் காப்பி-ஓ பை ஆட
இடம்வலம் பாராமல்
முன்கண்ணாடிக்குக் குறுக்கே வந்தார்.

மிதித்தார்.

என் கை அவர் கெண்டைக்காலில்தான் இருந்தது.
கயிறாய் முறுகியது தசை.
அரை அங்குலம் இறங்கியது மிதி.
கூடவே ஹொக்கியனில் ஒரு வசவு:
மூன்று வாரத்தில் நான் கேட்ட
மிகத் தெளிவான சொல்,
இங்கே எழுத முடியாது.
கோ சிரித்தபடி கையுயர்த்திப் போனார்.

கோப்பைத் திறந்தேன்.
எந்த அசைவு என்று ஒரு கட்டம் இருக்கிறது.
பேனா அங்கேயே நின்றது.
நடையை இன்னும் துழாவிக்கொண்டிருக்கிற உடம்பு
பிரேக்கை முதலில் கண்டெடுத்திருக்கிறது.
அதை எண்ணால் எப்படி எழுத?
இரண்டு என்று போட்டேன்.

நேரம் முடிந்தது.
அடுத்தவர் வாசலில் காத்திருந்தார்.
சவரிமுத்து எழுவதாயில்லை.
உதவியாளரை அவரருகே நிறுத்திவிட்டு
பின்னால் போய்ச் சிவப்பு மணியை அழுத்தினேன்.
நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நடுக்கதவால் நான் இறங்கி
என் இரண்டு கால்களும் தரையில் படும்வரை
கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார்.