ஒன்பது லிட்டர்

கணினிப் பெட்டியை லிட்டரில் அளப்பார்கள் என்று
நாற்பத்தோராம் வயதில்தான் தெரிய வந்தது.
ஒன்பது லிட்டர்.
எங்கள் குசினிக் கேத்தல் ஒன்றரை.
ஆறு கேத்தல் தண்ணீர் நிற்கும் இடத்துக்குள்
ஒரு டிராகனும் அது எரிக்கும் நகரமும்
புகுந்தாக வேண்டும்,
மூச்சு விட வேண்டும்,
விடும் மூச்சு கேட்கவும் கூடாது.

பீல் நகரம், தண்டவாளத்துக்குப் பின்னால், மூன்றாம் மாடி.
இருப்பது ஒரே அறை.
ஆரூரனின் கட்டிலுக்கும் என் மேசைக்கும் நடுவில்
ஒரு புத்தக அலுமாரி.
அதைத்தான் நாங்கள் சுவர் என்கிறோம்.
கீழ்வீட்டில் திருமதி ஸ்பிண்டன்.
இரவு பத்துக்குப் பிறகு நான் குளித்தால்
மறுநாள் படிக்கட்டில் அவர் சொல்லும் வணக்கத்தில்
ஓர் எழுத்துக் குறையும்.

"மகனுக்கா?" என்றான் கடைக்காரப் பெடியன்.
"எனக்கு" என்றேன்.
கேட்கவில்லை போலும்,
நிறம் நிறமாய் மின்னும் விசிறிகளையே காட்டிக்கொண்டிருந்தான்.

ஆசைப்பட்ட கிராபிக்ஸ் கார்ட்
முந்நூற்று நான்கு மில்லிமீட்டர் நீளம்.
பெட்டி விடுவது முந்நூறு.
நான் கைக்கடிகாரக் கூடு அடிக்கும் பிரஸ்ஸில் நிற்கிறவள்.
மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பிசகினாலே
கூடு குப்பைக்குப் போகும்.
நான்கு மில்லிமீட்டர் எங்கள் பக்கத்தில் ஒரு தெரு.
அந்தத் தெருவில் தோற்றுக்
குட்டைக் கார்டுக்கு இறங்கினேன்.
டிராகனின் செதில்கள் கொஞ்சம் மழுங்குமாம்.
மழுங்கட்டும்.

தேவைக்கு இரண்டு மடங்காய் ஒரு பவர் சப்ளை,
பாதி வேலையில் அதன் விசிறி சுழலாது.
வேலை குறைந்தவன்தான் சத்தம் போடமாட்டான்
(இது எங்கள் மேலாளருக்குப் பொருந்தாது).
கூலருக்கு மட்டும் மூன்று சம்பளநாள் யோசித்தேன்.
ஆறிய கோப்பி நிறம், பார்க்கச் சகிக்காது,
வாங்கிய எல்லாவற்றிலும் அதைத்தான்
கையில் வைத்து நெடுநேரம் பார்த்திருந்தேன்.

பொருத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமை.
துளைபோடும் கருவிக்குத் தடை உள்ள நாள்,
ஸ்க்ரூடிரைவருக்கு இல்லை.
கீழே விழுந்த ஓர் ஆணி
பெட்டியைத் தலைகீழாய்க் குலுக்கியும் வரவில்லை,
பிறகு என் காலுறைக்குள் இருந்தது.

பொத்தானை அழுத்தினேன்.
ஒன்றுமில்லை.
விசிறி அசையவில்லை, ஒரு இரைச்சல் இல்லை.
ஆயிரத்து முந்நூறு பிராங்க் செத்துப்போச்சு என்று
கதிரையில் சாய்ந்தபோது
திரை வெளிச்சம் என் கைமேல் விழுந்தது.
அது முதலிலிருந்தே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அன்றிரவு நகரம் எரிந்தது, சத்தமில்லாமல்.
தூரத்தில் ஒரு சரக்கு ரயில் போவதுகூடக் கேட்டது.
அப்போது அலுமாரிக்கு அப்பாலிருந்து:
"அம்மா, நுளம்பு."

தை மாதம். ஜன்னலில் பனி.
"இந்தக் குளிரில் ஏதடா நுளம்பு?"
"உங்கட பெட்டிக்குள்ள."

காதை வைத்தேன்.
கன்னத்தில் இளஞ்சூடு. வேறொன்றும் இல்லை.
தொழிற்சாலைக்கு ஆண்டுதோறும் காது பார்க்கும் வண்டி வரும்.
ஒலி கேட்டால் பொத்தானை அழுத்து என்பார்கள்.
போன முறை கடைசி மூன்றையும்
நான் ஊகித்துத்தான் அழுத்தினேன்.

நொடிக்கு நூற்றிருபது படங்கள் வரைந்துகொண்டிருந்தது.
குறைத்தேன், தொண்ணூறு.
"இப்ப?"
"கேட்குது."
எண்பது.
"இப்ப?"
"சின்னதா. ஊசி மாதிரி."
எனக்குக் கேட்காத ஒன்றை
அவனுடைய காதைக் கடன் வாங்கித்
திருகித் திருகி அடைத்துக்கொண்டிருந்தேன்.
எழுபத்திரண்டு.
"இப்ப?"

பதில் வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது.
போர்வை புரளும் ஓசை.
"இல்லை, போட்டுது."

நித்திரைக்காகச் சொன்னானா,
எனக்காகவா.
எழுபத்திரண்டிலேயே விட்டேன்.
டிராகன் கொஞ்சம் தயங்கித் தயங்கிப் பறந்தது.