இருபத்திரண்டு கஜம்

சங்கிலி என்றால் அறுபத்தாறு அடி.
நூறு கண்ணி.
பத்துச் சங்கிலி நீளம், ஒரு சங்கிலி அகலம்
ஒரு ஏக்கர்.
ஓர் உழவன் ஒரு நாளில் உழுது முடிக்கும் மண்
என்றார்கள் பயிற்சி வகுப்பில்.
எந்த ஊர் உழவன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.
எங்கோ பனி பெய்யும் ஊர், கனத்த களிமண்,
ஒரே ஏரில் எட்டு மாடு.
அந்த மாடுகள் மூச்சு வாங்கி நின்ற இடத்தில்தான்
இன்றைக்கும் அஸ்தம்பட்டியில்
சென்ட் என்ன விலை என்று கேட்கிறோம்.

பதினோராவது வளைவில்
ஜீப்பை நிறுத்தச் சொன்னார் அர்த்தனாரி.
வயிற்றைப் பிரட்டுகிறது என்று சொல்லக் கூச்சம்,
"சும்மா, சேலத்தப் பாக்கலாம்."
கீழே வெள்ளைக்கல் சுரங்கம்
தோலுரிந்த முழங்கால் மாதிரி.
வந்த புதிதில் வெள்ளைக்காரன் அதைச்
சுண்ணாம்புக் குன்று என்று படத்தில் எழுதிவிட்டான்.
அது சுண்ணாம்பு இல்லை.
அவன் ஊர்க் கடலோரத்தில்
அப்படி ஒரு வெள்ளை இருந்திருக்கும்.
ஊர் ஞாபகத்தில் வைத்த பெயரைத்
திருத்த எந்தப் படிவமும் இல்லை எங்கள் அலுவலகத்தில்.

மனு இதுதான்:
காப்பி எஸ்டேட்டுக்கும் மலைக் குடியிருப்புக்கும் நடுவே
நாற்பத்தேழாம் எண் கல்லைக் காணோம்.

பழைய படத்தின் நகல் என் மடியில்.
மூங்கில் புதருக்கு ஒரு பச்சை,
ஓடைக்கு ஒரு நீலம்,
குடிசைகளுக்கு நிறமே இல்லை.
சரிவின் மேல் சாய்வெழுத்தில்: ஹேசல் பாட்டம்.
அவன் ஊரில் பள்ளத்தாக்கின் அடிக்குப் பாட்டம் என்று பேராம்.
ஹேசல் என்றொரு மரமாம், இங்கே ஒன்றுகூட முளைக்கவில்லை.
பெயர் மட்டும் பிடித்துக்கொண்டது,
வாய் வாயாக உருண்டு ஆசப்பாட்டம் ஆனது.
"துரை ஆசப்பட்டுப் பாட்டத்துக்கு எடுத்த நெலம்ங்க"
என்று மேனேஜர் ஆரோக்கியம் விளக்கம் சொன்னார்,
சந்தேகமே இல்லாமல்.

வேலிக்கு அந்தப் பக்கம்
விறகுக் கட்டோடு நின்ற வெள்ளச்சி
"கரடிப்பாழி" என்றாள்.
விளக்கம் எதுவும் சொல்லவில்லை.
கரடி இருந்திருக்கும்.

நாற்பத்தாறில் கருவியை நிறுத்தி
கோணம் பிடித்து
சவுக்குமரம் இரண்டைச் சுற்றி
மிளகுக்கொடி விலக்கி
அர்த்தனாரி டேப்பை இழுத்துக்கொண்டு போய்
நின்ற இடம்
ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் நட்டநடு.

பையன்கள் ஒன்பது பேர். ஒரு பந்து.
பந்து போடும் முனையில் முழங்கால் உயரக் கல்,
அதன் மேல் கரியால் மூன்று கோடு.
பாசியைச் சுரண்டினேன்.
அம்புக்குறி. நான்கு. ஏழு.

"யாருடா இதப் பிடுங்கி நட்டது?"
"நாங்க இல்லீங்கக்கா.
கல்லு அங்கயேதான் இருந்துச்சு,
நாங்கதான் வந்தோம்" என்றான் தீர்த்தகிரி.
"பட்டா சத்தம் கேக்கும். அவுட்டு இல்லன்னு
யாரும் பொய் சொல்ல முடியாது."

பிட்ச் நீளம் எப்படிப் பிடித்தாய் என்றேன்.
டீவியில் பார்த்து, காலால்.
சும்மா வைத்துப் பார்த்தேன் டேப்பை:
அறுபத்தைந்தரை அடி.
அரை அடி குறைவு, அவன் கால் அப்படி.
நூற்றைம்பது வருஷத்துக்கு முன்
ஒருவன் கண்ணி கண்ணியாக எண்ணிப் போன அதே சங்கிலியை
செருப்பில்லாத கால் ஒன்று
கேட்காமலே எடுத்து வைத்திருக்கிறது.

கோட்டை வரைந்தேன் படத்தில்.
பந்து போடுகிறவன் குடியிருப்பு நிலத்தில்,
அடிக்கிறவன் எஸ்டேட்டுக்குள்.
ஆரோக்கியம் போனை எடுத்துக்கொண்டு
சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறினார்.

பெயர் எழுதக் கட்டம் ஒன்றுதான் இருந்தது.
பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
பென்சிலில் கரடிப்பாழி என்று எழுதினேன்.
பென்சிலை அழிக்க மேலே ஆள் இருக்கிறார்கள், தெரியும்.

அதற்குள் மஞ்சு இறங்கிவிட்டது.
பழைய படத்தின் ஓரத்திலும் அவன் கைக்குறிப்பு,
பொடி எழுத்தில்: மஞ்சு, வேலை நிறுத்தம்.
கருவியைப் பெட்டியில் வைத்தோம்.
பையன்கள் நிறுத்தவில்லை.
கல்லில் பந்து பட்ட சத்தம்,
பிறகு வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல்,
"நோ பாலு! நோ பாலு!
கோட்டத் தாண்டிட்டான்!"
அர்த்தனாரி என்னைப் பார்த்தார்.