முப்பத்திரண்டைக் கூட்டு

ஆர்லோ பெக்கோலாவின் கட்டுரையில்
இரவு மூன்று மணிக்கு அவன் அம்மா
பனி வாரும் லாரியை எடுத்துக்கொண்டு போகிறாள்.
மஞ்சள் விளக்கு சுழன்று
அவன் அறைச் சுவரைத் தொட்டுவிட்டுப் போகிறது.
அதற்குப் பிறகுதான் தூக்கம் வருமாம்.

அட்டவணையில் நான்கு கட்டங்கள்.
கருத்துக்கு மூன்று. கோவைக்கு மூன்று.
சொல்லுக்கு மூன்று.
நிறுத்தக்குறிக்கு இரண்டுதான்:
சாலையில் உப்புப் போடுவதுபோலக்
காற்புள்ளியைத் தூவியிருக்கிறான்.
பதினாறுக்குப் பதினொன்று.

மூன்று என்றால் என்ன?
செப்டம்பரில் நானே தட்டச்சு செய்தேன்:
‘எதிர்பார்த்ததை எட்டியிருக்கிறது.’
கால்குலேட்டர் அதைப் படிக்கவில்லை.
வகுத்தது.
அறுபத்தெட்டே முக்கால். டி கிரேடு.
எட்டியவன் எங்கே விழுந்தான்?

டுலூத்தில் ஏரி உறைந்து கிடக்கிறது.
ஜன்னலுக்கு வெளியே வெப்பமானி;
ஒரே சிவப்புக் கோடு, இரு பக்கமும் எண்கள்.
இந்தப் பக்கம் பதினான்கு,
அந்தப் பக்கம் மைனஸ் பத்து.
எதுவும் பொய் இல்லை.
பூஜ்யம் வேறு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது,
அவ்வளவுதான்.
ஒன்றை மற்றதாக்கப் பெருக்கினால் போதாது,
முப்பத்திரண்டைக் கூட்ட வேண்டும்.
ஏழாம் வகுப்புப் பாடம்.
இருபது வருடமாகப் பிள்ளைகளைக்
கூட்டாமலே பெருக்கியிருக்கிறேன்.

சராசரியைப் பதினைந்தால் பெருக்கி
நாற்பதைக் கூட்டிப் பார்த்தேன்.
நான்கு, நூறு.
மூன்று, எண்பத்தைந்து.
இரண்டு, எழுபது.
ஒன்று ஐம்பத்தைந்தில் நின்றது.
தோல்விதான்,
ஆனால் எழுந்து வரும் தூரத்தில்.

“தாளே தராதவளுக்கும் நாற்பதா?”
கணக்கு வாத்தியார் வோய்சிக்
காபியைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.
என்னிடம் பதில் இல்லை.
ப்ரின்லி ஷூமேக்கரின் கட்டத்தை
வெறுமையாகவே விட்டேன்.
அவள் வீட்டுக்குப் போன் செய்தேன்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஆர்லோவுக்கு எண்பத்தொன்று.
வாய்பாட்டைப் பலகையில் எழுதிப் போட்டிருந்தேன்,
யாரும் பார்க்கமாட்டார்கள் என்று.

மணி அடித்தும் அவன் எழுந்திருக்கவில்லை.
தாளின் பின்பக்கம் பென்சிலால்
பெருக்கிக் கூட்டிக்கொண்டிருந்தான்.
பிறகு வந்து, மிக மரியாதையாக:
“எண்பத்தொன்றே கால் வருகிறது, மிஸ்.
அந்தக் கால் எங்கே?”