கடக்கும் இடம்

அறை ஏழு. விளக்கைக் குறைத்தாயிற்று.
ஜெல்லை எவ்வளவு சூடாக்கி வைத்தாலும்
சிலிர்த்துக்கொள்வார்கள்.
யீஷூனிலிருந்து வந்த ஜெசிந்தா சிரித்தாள்.
இருபத்தொரு வாரம்.

நான் தேடுவது பத்துக் காசு அகலம்தான்.
அது நிற்காது. பிள்ளையும் நிற்காது,
முதுகைக் காட்டும், உதைக்கும்,
விலா எலும்பின் நிழலைக் குறுக்கே போடும்.

பரீட்சைக்குப் படித்த ஆண்டில்
மகனின் விளையாட்டுக் களிமண்ணை எடுத்து
சாப்பாட்டு மேசையில் உருட்டிப் பார்த்திருக்கிறேன்.
முதலில் வெறும் குழாய்.
இருபத்திரண்டாம் நாள் வாக்கில்
யாரும் சொல்லாமல் துடிக்கத் தொடங்கும்.
இடம் போதாமல் வலப்பக்கம் வளைந்து,
மடிந்து, உள்ளே சுவர் எழுப்பி,
கடைசியில் இரண்டு பெரிய நாளங்கள்
ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போகும்,
டோபி காட்டில் ஊதாத் தடத்துக்கு மேலே
சிவப்புத் தடம் போவதுபோல.

பேசிக்கொண்டே பார்ப்பது என் வழக்கம்.
இது வயிறு, இது முதுகுத்தண்டு,
இதோ பாருங்க, நாலு அறை.
"நாலா? எங்க வீடே மூணு ரூம்தான்!"
நான்கும் சரி. நடுச்சுவர் சரி.
கருவியை ஒரு விரற்கடை தலைப்பக்கம் சாய்த்தேன்.

இரண்டு தடமும்
பக்கத்தில் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன.

மறுபடி சாய்த்தேன்.
இடப்புறம் திரும்பிப் படுக்கச் சொன்னேன்.
வண்ணம் போட்டேன். சிவப்பு, நீலம்,
ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத இருவர்.

"ஏன் பேசறத நிறுத்திட்டீங்க?"

மருத்துவர் வரும்வரை வாய் திறக்கக் கூடாது, விதி.
பிள்ளை ஒத்துழைக்கல என்றேன்.
பிள்ளை அப்போது
அசையாமல்தான் கிடந்தது.

நடுச்சுவரில் ஒரு மடல் கதவு உண்டு,
மூச்சு விடாத காலத்துக் குறுக்குவழி.
பிறந்து மூச்சு வந்ததும் சாத்திக்கொள்ளும்.
துடிப்புக்குத் துடிப்பு
இடப்பக்கம் படபடத்தது,
பன்னிரண்டாம் மாடிக் கழியில் காயும்
கைக்குட்டை மாதிரி.

இவளுக்கு
(பெண்தான், அதையும் இன்னும் சொல்லவில்லை)
அந்தக் கதவு சாத்தக் கூடாது.
தொப்புள் வழியோ தொடை வழியோ
சின்ன பலூனோடு யாராவது உள்ளே போய்
அதை அகலத் திறக்க வேண்டிவரலாம்.
சில நாள் கழித்து இன்னொருவர்
இரண்டையும் வெட்டி
இடம் மாற்றித் தைப்பார்.
நடக்கிற காரியம்தான்.
ஆனால் என் வாயால் இல்லை, இன்றைக்கு இல்லை.

படத்தை நிறுத்தினேன். அம்புக்குறி வைத்தேன். சேமித்தேன்.
டிஷ்யூவை நீட்டினேன்.
துடைத்துக்கொண்டே கேட்டாள்:
"முகம் தெரிஞ்சுதா?"

உதடு நல்லாத் தெரிஞ்சுது என்றேன்.
அது உண்மை.